நிலை

முதல் நிகழ்ச்சி பாடசாலை மண்டபத்தில்.
இரண்டாம் காட்சியில் மழை பிடித்துக்கொண்டது.
தகரக் கூரைக்குக் கீழே வசனம் பேசுவதென்றால் என்னவென்று
பொகவந்தலாவையில் யாருக்கும்
சொல்லித் தெரிய வேண்டியதில்லை.
கலாமதி வாயைத் திறந்து திறந்து மூடினாள்,
தொட்டி மீன் மாதிரி.
அழுகிற கட்டமா, ஏசுகிற கட்டமா என்று
முன்வரிசை தங்களுக்குள் விசாரித்துக்கொண்டது.
வசூல் பதினோராயிரத்து நானூற்று இருபது.
அந்த இருபது, கிழிந்த தாள்.
எழுதிக்கொண்டேன்.
கணக்குக் கொப்பி என்னிடம்தான்;
முதல் கூட்டத்துக்குப் பிந்திப் போனதற்குக்
கிடைத்த தண்டனை.

அடுத்தது பஸ் நிலையத்துக்குப் பின்னால்.
நிஸ்தார் முதலாளி ஜெனரேட்டர் தந்தார்,
டீசல் உங்கள் பாடு என்றார்.
பிள்ளைகள் வரைந்த அரங்கங்களைக்
கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம்.
ஒன்றில் நாற்காலிகள் மேகத்தின் மேல்.
ஒன்றில் மேடையைவிடக் கழிப்பறை பெரிது,
'பெண்களுக்கு' என்று எழுதி
இரண்டு கோடு கீறியிருந்தது.
அதை எழுநூறு ரூபாய்க்கு வாங்கியவர்
கீழ்ப்பிரிவில் கொழுந்து பறிப்பவர்.
எழுநூறு என்றால்
காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு முதுகு.
ரசீதுக்குப் பெயர் கேட்டேன்.
"பேர் என்னத்துக்கு?
மொதல்ல இதைக் கட்டுங்க."

காமன் கூத்துக்காரர்கள் ஓர் இரவை இனாமாகத் தந்தார்கள்.
ரதி வேடத்தோடேயே யோகராசா
த்ரீவீலர் ஓட்டி வந்தான்,
வழியில் ஒரு ஹயரையும் இறக்கிவிட்டு.
அந்த இருநூற்றைம்பதும் உண்டியலில் விழுந்தது.

ஆறு நிகழ்ச்சி. நாலு மாதம்.
ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரம்.
கூட்டுறவுச் சங்கம் எழுதித் தந்த
பன்னிரண்டு பேர்ச் மண்ணில்
புல் எங்கள் இடுப்பளவு.
சீமெந்தா, கல்லா, பேங்கில் போடுவதா என்று
இரண்டு ஞாயிறு சண்டை.
விஜயரூபன் ராஜினாமாக் கடிதம் எழுதி
மறுநாளே திருப்பிக் கேட்டான்.
சுமணபால பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு,
"இந்தச் சல்லிக்கு நல்ல பலா மரத்தில்
ஒரு நிலை வைக்கலாம்" என்றார்.
சிரித்தோம்.
சுவர் இல்லாத ஊரில் நிலையா?
பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.
எந்த வீட்டிலும் முதலில் நிற்பது அதுதானே.

நிலை வைத்த அன்று
மஞ்சள், குங்குமம், மாவிலை,
நிஸ்தார் முதலாளியின் ஒரு தட்டுப் பேரீச்சம்பழம்.
எட்டடி உயரம். சுற்றிலும் வெட்டவெளி.
ஏழாவது நிகழ்ச்சி அங்கேயே.
டிக்கட் புத்தகத்தோடு நிலையடியில் உட்கார்ந்தேன்.
எந்தப் பக்கத்தாலும் வரலாம்,
வேலிகூட இல்லை.
ஆனால் சனம் வரிசையில் நின்றது.
செருப்பைக் கழற்றுவதா என்று ஒருவர் கேட்டார்.
பக்கத்தால் ஓடிய பொடியனை
காதைப் பிடித்துக் கூட்டிவந்து
நிலைக்குள்ளால் அனுப்பினாள் அவன் தாய்.

கலாமதி தொடங்கியதும்
வானம் கணக்காக வந்தது.
யாரும் எழும்பவில்லை.
குடை விரிந்தது, படங்கு விரிந்தது,
உரப் பை தலைக்கு ஏறியது.
துணியில் மழை மெல்லத்தான் பேசும்.
புல்லில் அதுவும் இல்லை.
பின்வரிசையில் இருந்த எனக்கே
அவள் மூச்சு வாங்குவது கேட்டது.
அது அழுகிற கட்டம்தான்.

வசூலை எழுதி, கீழே
நனைந்த விரலோடு இன்னொரு வரி சேர்த்தேன்:
கூரை — தகரம் வேண்டவே வேண்டாம்.